நிபுணர் டிஸ்க்கைப் பிரித்த ஞாயிற்றுக்கிழமை

இதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. கம்ப்யூட்டருக்கு இருந்த தயக்கம் நிபுணருக்கு இல்லை. டீ டம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கைச் சுண்டுவிரலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"என்ன கேட்டுச்சு தம்பி?" என்றாள் பின்னால் நின்றிருந்த மூத்த மருமகள்.

"அது எல்லார்கிட்டயும் கேக்கும் அண்ணி. தெரியாதவங்க தொடக்கூடாதுன்னு வச்சிருக்கான்."

நிபுணர் என்பது அவளுடைய கொழுந்தனுக்கு மாமனார் கொடுத்த பட்டம். ஏதோ ஓர் அலுவலகத்தில் நாற்பது கம்ப்யூட்டர்களை மேய்க்கிற வேலை அவனுக்கு. ஒரு கல்யாணத்துக்குப் போனால்கூட அங்கே யாருடைய போனாவது மெதுவாக ஓடுகிறதா என்று விசாரிப்பான். பட்டம் கொடுத்த பிறகு 'அவன் இவன்' என்று பேசுவது முறையில்லை, 'அவர்' என்றுதான் சொல்லவேண்டும் என்பதும் மாமனாரின் உத்தரவு. வீட்டில் இரண்டு பேர் மட்டும் அந்த உத்தரவைத் தவறாமல் கடைப்பிடித்தார்கள். ஒருவர் மாமனார். இன்னொருத்தி மூத்த மருமகள்.

மாமனார் முப்பத்துநாலு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் தொண்டையில் வந்த நோய்க்குக் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அது ஆறுவதற்குள் பக்கவாதத்தில் வலது கை விழுந்தது. மிச்சமிருந்தவை இடது கை ஆள்காட்டி விரலும் அளவில்லாத ஏளனமும்தான். பேனா பிடிக்க வராது. போனில் தொட்டால் விரல் நடுங்கி ஓர் எழுத்துக்கு ஒன்பது எழுத்து விழும். அதனால் மூத்த மருமகள் பழைய கம்ப்யூட்டரைச் சக்கரம் வைத்த மேஜையில் தூக்கிவைத்துக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தி, கீபோர்டின் மேல் தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒட்டிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அதுதான் அவருக்கு வாய்.

பேசுவதையெல்லாம் ஒரே கோப்பில் டைப் அடித்துக்கொண்டே போவார். கோப்புக்கு அவர் வைத்த பெயர் 'குப்பை'. நலம் விசாரிக்க வந்த எதிர்வீட்டுக்காரர் திரும்பிப் படியிறங்குவதற்குள், 'இந்தாளு எப்படி இருக்கேன்னு பாக்க வரல, இருக்கேனான்னு பாக்க வந்தான்' என்று திரையில் இருக்கும். அவள் வைத்த குழம்பை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, 'உப்பு இன்னைக்கு லீவா?' என்பார். கடைசி மகனைப் பற்றி, 'எனக்குப் போன வாயும் இவனுக்கே போய்ச் சேர்ந்துடுச்சு' என்று எழுதியிருந்தார். அவள் வாய்விட்டுப் பதில் சொல்லுவாள், அவர் எழுதுவார். அந்த வீட்டில் யாரும் அவளிடம் வேலையைத் தவிர வேறு எதையும் பேசியதில்லை. நானூறு பக்கத்துக்கு அவளோடு சண்டை போட்டவரும் சிரித்தவரும் அவர் ஒருவர்தான். அவள் பேசியதற்கு எங்கும் பதிவில்லை. ஆனால் அவர் பதிலைப் படித்தால் அவள் என்ன கேட்டிருப்பாள் என்று யாருக்கும் தெரியும். எல்லாம் முடிந்த பிறகு தனக்கென்று எடுத்துக்கொள்ள அவள் நினைத்திருந்தது அந்த ஒரு கோப்பை மட்டும்தான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் நிபுணர் வந்து, பழைய சிஸ்டம் ஆமை மாதிரி ஊர்கிறது, லினக்ஸ் போட்டால் பறக்கும் என்று போட்டார். பறக்கத்தான் செய்தது. ஆனால் பழையதையும் வைத்துக்கொள்வோம் என்று டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, புதியதற்குக் கோழிக்குஞ்சுக்குக் கொடுக்கிற அளவு இடம் கொடுத்திருந்தார். மூன்றே வாரத்தில் அது நிரம்பிவிட்டது. மாமனார் ஒரு வரியை முடிப்பதற்குள் 'இடம் போதவில்லை' என்று ஒரு பெட்டி குறுக்கே வந்து விழுந்தது. மாமனார் அதைச் சிரமப்பட்டு மூடிவிட்டு, 'எனக்கும் அதேதான், சாமான் கட்டியாச்சு' என்று எழுதினார்.

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்து பார்த்துவிட்டு வாசலில் நின்று, "ரெண்டு நாளோ மூணு நாளோ. பாக்கவேண்டியவங்க வந்து பாத்துக்கட்டும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நிபுணர் வந்தார். சாகக்கிடக்கிற அப்பாவைப் பார்க்க வந்தவர் அப்பாவை அரை நிமிடம் பார்த்தார். அப்புறம் கம்ப்யூட்டரைப் பார்த்தார். இரண்டில் சரிசெய்யக்கூடியது அதுதான் என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும்.

"என்ன அண்ணி, இப்படி வச்சிருக்கீங்க? மொத்தமா அழிச்சிட்டு, ஒரே பார்டிஷனா போட்டுத் தர்றேன். ஒரு மணி நேரம்."

"இன்னைக்கா தம்பி?"

"அப்பா டைப் பண்ண முடியாம கஷ்டப்படுறாரில்ல?"

மேஜையைத் தள்ளிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். கட்டிலிலிருந்து மாமனார் அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். வாய் இருந்தபோதும் அவருக்கு அந்தப் புருவமே போதும்.

நிபுணரையும் சும்மா சொல்லக்கூடாது. அழிப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் பத்திரமாக நகல் எடுத்தார். அதற்கென்றே இன்னொரு ஹார்ட் டிஸ்க் கொண்டுவந்திருந்தார். "உள்ள இருக்குற அதே கம்பெனி, அதே அளவு அண்ணி. ஒண்ணுக்கு ஒண்ணு" என்று தூக்கிக் காட்டினார். 'குப்பை' அதில் போய்ச் சேர்ந்ததை அவளையே கூப்பிட்டுக் காட்டினார். பிறகு ஒரு பென் டிரைவைச் செருகி அதிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பினார். பிரித்து அழிக்கிற திரையில் இரண்டு டிஸ்க்குகளும் ஒன்றின் கீழ் ஒன்றாக வந்தன. ஒரே அளவு, ஒரே மாதிரிப் பெயர், கடைசி எழுத்து மட்டும் வேறு. மேலே இருப்பது எப்போதும் உள்ளே இருப்பதுதான், இது குழந்தைக்கும் தெரியும் என்று மேலே இருந்ததை எடுத்தார். அப்போதுதான் கம்ப்யூட்டர் கேட்டது, அவர் சுண்டுவிரலால் தட்டியது.

அழித்து முடித்து மறுபடி கிளப்பியபோது, ஒன்றும் நடக்காதது போலப் பழைய திரை வந்தது. நடுவில் 'குப்பை' அப்படியே உட்கார்ந்திருந்தது.

"ஃபைல் இருக்கே தம்பி" என்றாள் அவள்.

நிபுணர் திரையை முறைத்தார். "எழுதல. சில டிஸ்க்கு இப்படித்தான் அடம் பிடிக்கும்."

"அப்ப அழிஞ்சது எது?"

நிபுணர் சிரித்தார். கடைக்காரன் சின்னப்பிள்ளைக்குச் சில்லறை எண்ணிக் காட்டுகிறபோது சிரிக்கிற சிரிப்பு. "எதுவுமே அழியலைங்கறேன் அண்ணி. இன்னொரு தடவை அடிக்கணும், அவ்வளவுதான்."

அந்தக் கேள்வியை அவள் இன்னொரு முறை கேட்டிருக்கலாம். பக்கத்தில் கிடந்த இன்னொரு டிஸ்க்கைத் திறந்து காட்டச் சொல்லியிருக்கலாம். உள்ளறையில் கட்டில் கம்பியில் கரண்டி தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு தட்டு என்றால் கம்ப்யூட்டர். இரண்டு தட்டு. அவள் உள்ளே போனாள்.

"வந்துடும் மாமா. அரை மணி நேரமாம். நிபுணரோட அரை மணி நேரம், உங்களுக்குத் தெரியாதா" என்றாள். அவர் தோள் லேசாகக் குலுங்கியது. சிரிப்பு அவ்வளவுதான் மிச்சமிருந்தது. மூச்சு ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போவதை அவள் கவனித்தாள்.

முன்னறையில் நிபுணர் விசிலடித்துக்கொண்டே, இந்தத் தடவை, பழைய சிஸ்டம் இருப்பதாகக் காட்டிய கீழ் டிஸ்க்கை எடுத்து அழித்தார்.

பன்னிரண்டரைக்கு அவளும் புருஷனும் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நிபுணரை அவள் கூப்பிடவில்லை. மறந்துபோகவில்லை, வேண்டுமென்றேதான் கூப்பிடவில்லை.

"அவன் சாப்பிடலையா? காலையிலேர்ந்து வெறும் டீதானே குடிச்சிருக்கான்" என்றான் புருஷன்.

"பசிச்சா வருவாரு. அதுக்கும் ஒரு கமாண்டு வச்சிருப்பாரு."

மாமனாரின் அறைக்கதவு திறந்துதான் இருந்தது. அவருக்குக் கேட்கட்டும் என்றுதான் சற்று உரக்கச் சொன்னாள். வழக்கமாக இப்படி ஒன்று சொன்னால் உள்ளேயிருந்து கரண்டியால் ஒரு தாளம் வரும். அன்று வரவில்லை. தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டாள். புருஷன் கை கழுவிவிட்டு மருந்துக் கடைக்குக் கிளம்பிப் போனான்.

முன்னறையில் விசில் நின்றிருந்தது. அவள் எட்டிப் பார்த்தாள். நிபுணர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். கொண்டுவந்த டிஸ்க்கின் வயரைப் பிடுங்கிச் செருகினார், மறுபடி பிடுங்கிச் செருகினார்.

"அண்ணி, இதை யாராவது தொட்டீங்களா?"

"இந்த வீட்டுல உங்களைத் தவிர யாருக்குத் தம்பி அதெல்லாம் தெரியும்?"

"காலியா காட்டுது."

அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"பென் டிரைவ்லேர்ந்து கிளப்பினா சில சமயம் வரிசை மாறிடும் அண்ணி. வெளிய இருக்குறது மேல வந்துடும், உள்ள இருக்குறது கீழ போயிடும். பேரு மாறிடுச்சு."

"மொதல்ல அழிச்சது நகல் எடுத்ததை."

"ஆமா."

"ரெண்டாவது, நிஜத்தை."

நிபுணர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். "மீட்டுடலாம். அதுக்கு சாஃப்ட்வேர் இருக்கு. இப்போதைக்குப் புதுசா ஏத்திட்டா அப்பா டைப் பண்ண ஆரம்பிச்சிடலாம். அறுபது பர்சன்ட் வந்துடுச்சு, பாருங்க."

அவள் பார்த்தாள். ஒரு நீலக்கோடு பாதிக்குமேல் நகர்ந்திருந்தது. நானூறு பக்கத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு அது மெதுவாக நகர்ந்தது. அவளுக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. அதை வார்த்தையாக்கினால் அந்தத் தெருவே கூடியிருக்கும். லிஃப்ட் பழுது பார்த்த மனிதர் முப்பத்துநாலு வருடத்தில் ஒரு தடவைகூடத் தப்பான கயிற்றை அறுத்ததில்லை. அவருக்குப் பிறந்தது இது.

உள்ளே கரண்டி தட்டியது. இரண்டு தட்டு. சற்று நிறுத்தி மறுபடி இரண்டு. அடுத்த தட்டில் கரண்டி கைநழுவித் தரையில் விழுந்தது.

அவள் கீபோர்டைப் பிடித்து இழுத்தாள். வயர் கழன்று வந்தது.

"அண்ணி, இன்ஸ்டால் ஓடிட்டிருக்கு."

"ஓடட்டும். அதுக்குக் கீபோர்டு எதுக்கு?"

மாமனாரின் முகம் நிறம் மாறியிருந்தது. அவள் கட்டிலில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கீபோர்டை அவர் வயிற்றின்மேல் வைத்தாள். அறுந்த வால் மாதிரி வயர் போர்வையில் கிடந்தது. "மிஷின் இல்லை மாமா. நீங்க அழுத்துங்க, நான் விரலைப் பாத்துப் படிச்சுக்கறேன்" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு விரலைத் தூக்கினார். ஒரு பொத்தானிலிருந்து அடுத்த பொத்தானுக்குப் போவதற்குள் ஒரு மூச்சு வந்து போனது.

அ. வ. ன. "அவனா?" என்றாள். தாடையை முன்னறைப் பக்கம் லேசாக அசைத்தார். சரி, நிபுணரைப் பற்றித்தான். கடைசியாக ஒரு நல்ல வசவு வரப்போகிறது என்று அவள் குனிந்தாள். அந்த நிலையிலும் அவளுக்கு அதில் ஓர் ஆவல் இருந்தது. கோப்பு போனால் போகட்டும், இந்த ஒன்றை மனசில் வைத்துக்கொள்வோம் என்று நினைத்தாள்.

ச. ஆ. விரல் நின்றுவிட்டது. அவள் அவர் கழுத்தில் மூச்சுக்கு வைத்திருந்த துளையின் அருகே கையை வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்தது. ப. மறுபடி ப. இ. ட. ட. ஆ. ன. ஆ. இந்தக் கடைசி மூன்று எழுத்துகளுக்கு விரலை அவரால் தூக்க முடியவில்லை, இழுத்துக்கொண்டு போனார்.

அவன் சாப்பிட்டானா.

அவளுக்குச் சுரீரென்றது. அவர் தூங்கியிருக்கவில்லை. சமையலறையில் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். இரண்டு வருடம் அந்த மகனைக் கிழித்துத் தோரணம் கட்டிய மனிதர், கூடச் சேர்ந்து கட்ட அவளுக்கும் சொல்லிக்கொடுத்த மனிதர், கடைசியாகச் சேர்த்து வைத்திருந்த பலத்தையெல்லாம் இதற்கா செலவு செய்யவேண்டும்? அவளுக்கு என்று ஒரு வார்த்தை இல்லை. உப்பு சரியில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். சாகிற மனிதர்மேல் பொறாமைப்படுவதும் கோபப்படுவதும் அசிங்கம் என்று தெரிந்தும் அவளுக்கு இரண்டும் வந்தன.

"சாப்பிட்டான் மாமா" என்றாள். "நல்லா சாப்பிட்டான்."

அவர் புருவத்தை உயர்த்தினார். அவள் பொய் சொல்கிறபோதெல்லாம் உயர்த்துகிற அளவுக்குத்தான் உயர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டார். மூன்று மணிக்குப் புருஷன் மருந்தோடு திரும்பி வந்தபோது அது தேவைப்படவில்லை. முன்னறையில் புது லினக்ஸ் ஏறி முடித்து, 'நல்வரவு' என்று காட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை வீடு நிறைய ஆட்கள். எதிர்வீட்டுக்காரர் முதலில் வந்து, சந்தேகம் தீர்ந்தவராக ஒரு நல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். "ரொம்ப அமைதியான மனுஷன்" என்றார் ஒருவர். குரல்வளையை எடுத்துவிட்டால் யாரும் அமைதியான மனுஷன்தான் என்று மாமனார் எழுதியிருப்பார். அவள் திரும்பிப் பார்த்தாள். மேஜை இருந்த இடத்தில் இரண்டு மாலைகளும் ஒரு ஸ்டூலும்தான் இருந்தன.

விஷயம் மூத்தவன் காதுக்குப் போனது வண்டி வருவதற்குக் கொஞ்சம் முன்னால். பேசியது நிபுணரேதான். வந்தவர் ஒருவரிடம் பார்டிஷன் டேபிள் என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்து, பாதியில் அழுதுவிட்டார். மூத்தவன் தம்பியின் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"அப்பாவோட ரெண்டு வருஷத்தையே அழிச்சிட்டியாடா? நேத்து ஒரு நாள் சும்மா பக்கத்துல உக்காந்திருக்க உனக்கு என்ன கேடு?"

எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவள் சொல்லவேண்டும் என்று இரவெல்லாம் கோர்த்து வைத்திருந்ததில் பாதியைப் புருஷன் சொல்லிவிட்டான். மீதியை அவள் சொல்லியிருக்கலாம், அதற்கு இதைவிட நல்ல சபை கிடைக்காது. அவள் போய்ப் புருஷனின் கையைச் சட்டையிலிருந்து விரல் விரலாகப் பிரித்தாள்.

"விடுங்க. வண்டி வந்துடும்."

அவள் எந்தப் பக்கம் என்று புருஷனுக்குப் புரியவில்லை. அவளுக்கே அது அவ்வளவாகப் புரியவில்லை.

எல்லாம் முடிந்து வந்தவர்கள் கலைந்தபோது மத்தியானம் மூன்று மணி. புருஷன் உள்ளே போய்ப் படுத்துவிட்டான். பக்கத்து வீடுகளிலிருந்து வந்த சாப்பாடு பாத்திரம் பாத்திரமாகச் சமையலறையில் மூடியபடி இருந்தது. சின்னவன் முன்னறையில் கம்ப்யூட்டர் எதிரில் உட்கார்ந்திருந்தான். நிபுணர் என்று சொல்ல அவளுக்கு அன்று நாக்கு வரவில்லை. அந்தப் பட்டத்தைச் சொல்லிச் சிரிக்கத் துணைக்கு ஓர் ஆள் வேண்டும்.

மீட்கிற புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. "பதினோரு பர்சன்ட் அண்ணி" என்றான் திரும்பாமல். "இதுவரைக்கும் பழைய ஐகான் படமா வருது. குப்பைத்தொட்டி படம், பிரிண்டர் படம். ஃபைலோட பேரு போயிடுச்சு, அதனால எது எதுன்னு தெரியல. நான் ஒவ்வொண்ணாத் திறந்து பாத்துக்கறேன்."

வராது என்று அவனுக்கும் தெரியும் என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. புதிதாக ஏற்றியதெல்லாம் அதே இடத்தின்மேல்தான் ஏறியிருந்தது. முன்பு ஒரு தடவை, யாரும் கேட்காமலேயே, போனில் அண்ணனுக்கு அதை விளக்கியவன் அவனேதான்: அழித்ததுகூட வரும், மேலே எழுதினால் மட்டும் திரும்ப வராது. சட்டையின் மேல் பொத்தான் காலையில் பிய்ந்தது பிய்ந்தபடி இருந்தது. இரண்டு நாளில் ஆள் ஒரு சுற்று இளைத்தாற்போலத் தெரிந்தான்.

அவள் ஒரு தட்டில் சாப்பாட்டைப் போட்டு எடுத்துவந்து, மவுஸை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் வைத்தாள்.

"வேணாம் அண்ணி."

அவள் தட்டை எடுக்கவில்லை.

"அண்ணி" என்றான். "கீபோர்டை எடுத்துட்டுப் போனீங்களே. அப்பா ஏதாவது அடிச்சாரா? கடைசியா என்ன சொன்னாரு?"

அவள் அவனைப் பார்த்தாள். சொல்லிவிட்டால் அது அவனுடையதாகிவிடும். வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லி அழுவான், அழுது அழுதே தேய்த்துவிடுவான். சொல்லாவிட்டால், அந்தப் பதின்மூன்று எழுத்தும் அவளிடமே இருக்கும். நானூறு பக்கத்தில் மிஞ்சியது அவ்வளவுதான். அதுவும் அவளுக்கு எழுதியதல்ல. ஆனால் கேட்டது அவளைத்தான்.

"மொதல்ல சாப்பிடு" என்றாள்.

இத்தனை வருடத்தில் அவள் அவனை 'நீங்க' போட்டுத்தான் பேசியிருக்கிறாள். அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். முதல் வாய் இறங்கவில்லை. தண்ணீர் குடித்தான். இரண்டாவது இறங்கியது. அதற்கப்புறம் அவன் பசியே பார்த்துக்கொண்டது. தலை நிமிராமல் பெரிய பெரிய வாயாகச் சாப்பிட்டான்.

திரையில் ஏதேதோ பெயரில்லாத கோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அவள் அதைப் பார்க்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். தட்டு காலியானதும், வேண்டுமா என்று கேட்காமல், இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.